டொர்னேடோ வாட்ச், டொர்னேடோ வார்னிங்: எது வந்தால் ஓட வேண்டும்?

பிளேனோவுக்குப் புதுசு எழுதியது:

வணக்கம். திருச்சியிலிருந்து டெக்சஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது. டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில், ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள், ஊரில் மூன்று வருஷம் டியூஷனும் எடுத்திருக்கிறேன், ஆனாலும் இந்த ஊர் வானிலை ஆங்கிலம் எனக்குப் பிடிபடவே இல்லை. போன வாரம் அதனால் ஒரு ஆபத்தான தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மதியம் மூன்று மணிக்கு போனில் வானிலை ஆப் 'டொர்னேடோ வாட்ச்' என்று காட்டியது. வாட்ச் என்றால் பார், கவனி; கண்ணெதிரே வந்துவிட்டது, பார்த்துக்கொள் என்கிறார்கள் போல என்று நினைத்து, இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை, வெளியே வந்து பார்த்தால் நல்ல வெயில். சரி, இங்கே எதற்கெடுத்தாலும் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்.

இரவு ஏழே முக்கால் இருக்கும். இதுவரை நான் கேட்காத ஒரு சத்தத்தில் போன் அலறியது. 'டொர்னேடோ வார்னிங்.' என் மனதில் உடனே வந்தது 'புயல் எச்சரிக்கை' என்ற நம் ஊர்ச் சொல்தான். எச்சரிக்கை என்றால் நமக்கு என்ன? நாளைக்கோ நாளை மறுநாளோ வரும், பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கி வை, தொட்டியில் தண்ணீர் நிரப்பு. அதனால் தோசை ஊற்றுவதை நான் நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷத்தில் யாரோ கதவைத் தடதடவென்று தட்டினார்கள். தரைத்தளத்தில் இருக்கும் வயதான அம்மா, முட்டி வலிக்காரர், மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நிற்கிறார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனார். அவர் வீட்டில் ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூம். பிள்ளையைக் குளியல் தொட்டிக்குள் உட்கார வைத்து, அவர் பேரனுடைய சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, நாங்கள் இரண்டு பேரும் ஒரு மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. 'ரொட்டேஷன்', 'ரெயின் ராப்டு', 'ஆன் த கிரவுண்ட்', 'டேக் கவர் நவ்' என்று ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர்களாக அடுக்கினார். நான் இருப்பது எந்தக் கவுண்டி என்பதுகூட எனக்கு அந்த நிமிஷத்தில் தெரியவில்லை.

கடைசியில் அது எங்கள் பக்கம் வராமல் விலகிப் போய்விட்டது. மேலே வந்து பார்த்தால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, கல்லில் தோசை கரியாகி வீடெல்லாம் புகை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாட்சுக்கு ஒளிந்தேன், வார்னிங்குக்கு சமைத்தேன். தலைகீழாக.

இங்கே பல வருஷம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள் எவை, அகராதியில் இல்லாத அவற்றின் உண்மையான பொருள் என்ன? என் வீட்டுக்காரர் ஆபீஸில் எல்லாரும் 'ஹங்கர் டவுன்' என்கிறார்களாம், பசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார். அம்மா வேறு தினமும் போன் செய்து "அது புயலா, சூறாவளியா, என்னடி அது" என்கிறார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நார்மன்வாசி எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தக் கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு நாள் நல்ல சாப்பாடு செய்து கொடு. அவர் செய்தது சின்ன உதவி இல்லை.

நான் ஓக்லஹோமாவில் நார்மன் ஊரில் 17 வருஷமாக இருக்கிறேன். அமெரிக்கா முழுமைக்கும் டொர்னேடோ வாட்ச் போடுகிற மையமே இந்த ஊரில்தான் இருக்கிறது. உன் குழப்பம் உன்னுடையது மட்டும் இல்லை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

வாட்ச் என்பது பெரிய பரப்புக்கு, பல கவுண்டிகளுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்குப் போடுவது. வானம் கறுத்திருக்கிறது, வடகத்தை எடுத்து உள்ளே வைக்கலாமா என்று அம்மா மாடியைப் பார்ப்பாரே, அந்த நிலை. டொர்னேடோ இன்னும் பிறக்கவில்லை, பிறக்கிற சூழல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீ பாத்ரூமுக்குள் போக வேண்டாம். போனை சார்ஜில் போடு, ஷூவை எடுத்து வை, டார்ச் எங்கே என்று பார், கீழ்வீட்டு அம்மா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்.

வார்னிங் என்பது வேறு. அதைப் போடுவது உள்ளூர் வானிலை அலுவலகம், உங்களுக்கு ஃபோர்ட் வொர்த்தில் இருப்பது. ராடாரில் மேகத்துக்குள் காற்று சுழல்வது தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். 2007 முதல் முழுக் கவுண்டிக்கும் போடாமல் வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் போடுகிறார்கள். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத்தான் அது செல்லும். உன் போன் அலறுகிறது என்றால் நீ அந்தக் கட்டத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ இருக்கிறாய். உனக்கு இருப்பது சில நிமிஷம். அடுப்பை அணைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

அதற்கும் மேலே 'டொர்னேடோ எமர்ஜென்சி' என்று ஒன்று உண்டு. 1999 மே 3 அன்று எங்கள் பக்கத்து ஊர் மூர் நோக்கி ஒரு ராட்சத டொர்னேடோ வந்தபோது, வார்னிங் என்ற சொல் போதாது என்று இங்கேயுள்ள அலுவலகம் முதன்முதலாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. அந்த டொர்னேடோவில் காற்றின் வேகம் மணிக்கு 300 மைலை ஒட்டி அளக்கப்பட்டது. அதே மூர் 2013 மே 20 அன்று மறுபடியும் அடி வாங்கியது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இறந்தார்கள். எமர்ஜென்சி என்ற சொல் வந்தால் ஊருக்குள் பெரிய டொர்னேடோ தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்.

டிவிக்காரர் சொன்ன சொற்கள்: 'ரொட்டேஷன்' என்றால் மேகத்தில் சுழற்சி தெரிகிறது, தரையைத் தொட்டதா என்று இன்னும் உறுதியில்லை. 'ஆன் த கிரவுண்ட்' என்றால் தொட்டுவிட்டது. 'ரெயின் ராப்டு' என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும் சொல், மழைத் திரைக்குள் டொர்னேடோ மறைந்திருக்கிறது, ஜன்னல் வழியே பார்த்தால் வெறும் மழை மாதிரிதான் தெரியும், பக்கத்தில் வந்த பிறகுதான் என்னவென்று தெரியும். 'இன்டீரியர் ரூம்' என்றால் வெளிச்சுவர் இல்லாத, ஜன்னல் இல்லாத உள் அறை. உன் மூன்றாவது மாடி பாத்ரூமைவிடத் தரைத்தளத்து பாத்ரூம் நல்லது, அதனால்தான் 'லோயஸ்ட் ஃப்ளோர்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று, ஹைவேயில் போகும்போது வார்னிங் வந்தால் மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்காதே. மழைக்கு ஒதுங்குகிற பழக்கம் நமக்கு உண்டு. 1999-ல் அப்படி ஒதுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள், பாலத்துக்கு அடியில் காற்று இன்னும் இறுகி வேகமெடுக்கும், பறந்து வரும் பொருள்கள் நேராக அங்கே வந்து அடிக்கும்.

'ஹங்கர் டவுன்' பசி இல்லை, எழுத்து வேறு, குத்துக்கால் வைத்துப் பதுங்குவது என்பதுதான் அதன் பழைய பொருள். இப்போது வெளியே போகாமல், வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, அடிக்கிறது அடித்து ஓயும்வரை உள்ளேயே அடங்கி இருப்பது.

ஆலங்கட்டிக்கு இங்கே அங்குலம் சொல்வதைவிடச் சாமான் பெயர் சொல்வார்கள். குவார்ட்டர் என்றால் 25 சென்ட் நாணயம், ஒரு அங்குலம். கால்ஃப் பால் ஒன்றே முக்கால் அங்குலம். பேஸ்பால் இரண்டே முக்கால், அது கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். குவார்ட்டர் அளவு ஆலங்கட்டியோ மணிக்கு 58 மைல் காற்றோ வரும் என்றால் 'சிவியர் தண்டர்ஸ்டார்ம் வார்னிங்' போடுவார்கள். நம் ஊரில் பலத்த மழை என்பதைப் போல அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே.

நீ இருப்பது காலின் கவுண்டியாகத்தான் இருக்கும், பிளேனோவின் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. வாடகை ஒப்பந்தத்தில் பார்த்து உறுதி செய்துகொள். சுற்றியுள்ள கவுண்டிகளில் டென்டன், டாரன்ட், டல்லாஸ் மூன்றையும் வரைபடத்தில் ஒரு முறை பார்த்து வை, பெரும்பாலும் மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் உங்களிடம் வரும்.

பிளேனோவுக்குப் புதுசு எழுதியது:

அண்ணா, வாடகை ஒப்பந்தம் பார்த்தேன், காலின்தான். ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்திருந்தேன், ரெயின் ராப்டு பற்றிப் படித்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். அப்புறம் சைரன்? அது அன்றைக்கு எனக்குக் கேட்கவே இல்லை.

நார்மன்வாசி எழுதியது:

கேட்காது. அது வெளியே மைதானத்திலும் தெருவிலும் இருப்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்கு வைத்தது, கதவு ஜன்னல் சாத்தி ஏசி போட்டுத் தூங்குபவரை எழுப்புவதற்கு இல்லை. போன் அலர்ட்டை எக்காரணத்துக்காகவும் அணைத்து வைக்காதே. முடிந்தால் ஒரு வெதர் ரேடியோ வாங்கி வை. மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் வெயில் அடிக்கும்போது சைரன் ஒலித்தால் அது சோதனை, பயப்படாதே. எங்கள் பக்கம் சனிக்கிழமை நண்பகல்.

நாகை டீச்சர் எழுதியது:

நான் நாகப்பட்டினத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இந்தக் கேள்வி என் வகுப்பிலும் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வார்னிங் என்பதை நீங்கள் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று புரிந்துகொண்டதில் மொழித் தப்பு ஒன்றும் இல்லை. இந்திய வானிலைத் துறையின் நடைமுறையே அப்படித்தான். புயலுக்கு 72 மணி நேரம் முன்னால் 'பிரீ சைக்ளோன் வாட்ச்', 48 மணி நேரம் முன்னால் 'சைக்ளோன் அலர்ட்', 24 மணி நேரம் முன்னால் 'சைக்ளோன் வார்னிங்'. ஆக நம் வார்னிங்கில் ஒரு முழு நாள் இருக்கிறது. அமெரிக்காவில் ஹரிக்கேன் வார்னிங் என்றால் பலத்த காற்று தொடங்குவதற்கு 36 மணி நேரம் முன்னால். அதே நாட்டில் டொர்னேடோ வார்னிங் என்றால் சில நிமிஷம். சொல் ஒன்று, கடிகாரம் மூன்று. நான் பிள்ளைகளிடம் சொல்வது: இந்தச் சொற்களை மனப்பாடம் செய்யும்போது தமிழ் அர்த்தத்தை எழுதாதே, பக்கத்தில் 'எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும்' என்று எழுது.

உங்கள் அம்மாவுக்கு: சைக்ளோன், ஹரிக்கேன், டைஃபூன் மூன்றும் ஒரே பொருள்தான், இடத்துக்கு ஏற்ற பெயர். வங்காள விரிகுடாவில் வந்தால் சைக்ளோன், அட்லாண்டிக்கிலும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலும் ஹரிக்கேன், பிலிப்பைன்ஸ் ஜப்பான் பக்கம் டைஃபூன். நம்முடைய புயல் அதுதான், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள் கணக்கில் கடலில் நகர்ந்து வரும். சைக்ளோன் என்ற சொல்லே நம் கடலைப் பார்த்துப் பிறந்தது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1848-ல் பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். டொர்னேடோ இதோடு சேராது. அது இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல், அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர், ஆயுள் நிமிஷக் கணக்கு. அம்மாவிடம் 'சுழல்காற்று, நம் புயல் இல்லை' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

நம் செய்தித் தமிழை அப்படியே ஆங்கிலமாக்கும்போது வரும் சிக்கல்கள் சில. 'புயல் கரையைக் கடந்தது' என்பதற்கு அமெரிக்கர் சொல்வது 'மேட் லேண்ட்ஃபால்'. இந்திய அறிக்கைகளில் 'கிராஸ்டு த கோஸ்ட்' என்று வரும், அதுவும் சரிதான், ஆனால் வெளிநாட்டில் சட்டென்று புரியாது. துறைமுகத்தில் 'எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்பதில் கூண்டை அப்படியே கேஜ் என்று எழுதுகிற பிள்ளைகள் வருஷத்துக்கு நான்கு பேராவது உண்டு. ஆங்கிலத்தில் அது சிக்னல், எண்ணோடு சொல்ல வேண்டும், எட்டாம் எண்ணிலிருந்து பத்து வரை 'கிரேட் டேஞ்சர்'. 'இடையிடையே 80 கிலோமீட்டர் வேகத்திலும்' என்று செய்தியில் வாசிப்பார்களே, அந்த இடையிடையேதான் 'கஸ்டிங்'. தொடர்ந்து வீசுவது 'சஸ்டெயின்டு விண்ட்', திடீரென்று எகிறுவது 'கஸ்ட்'. மரத்தை ஆட்டிக்கொண்டே இருப்பது ஒன்று, சாய்க்கிறது இன்னொன்று.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்பவை சும்மா அடுக்கிய உரிச்சொற்கள் இல்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து ஹெவி, 115.6-லிருந்து வெரி ஹெவி, 204.4-ஐத் தாண்டினால் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. பேச்சில் 'வெரி ஹெவி ரெயின்' என்று யாரும் சொல்லலாம், அறிக்கையில் அதற்கு அளவு உண்டு.

நாம் சொல்கிற 'வாட்டர் லாகிங்' அமெரிக்காவில் வயலுக்கோ செடிக்கோ சொல்வது. தெருவில் நின்றால் 'த ஸ்ட்ரீட் இஸ் ஃப்ளடட்'. 'கரண்ட் கட்' என்றால் புரியாது, 'வீ லாஸ்ட் பவர்' அல்லது 'த பவர் இஸ் அவுட்'. மழைக்கு 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று நாம் பள்ளியில் படித்ததை அங்கே அதிகம் பேசிக் கேட்க மாட்டீர்கள், 'இட்ஸ் போரிங்' (pouring, கொட்டுகிறது) போதும்.

கடைசியாக ஒரு சொல். இது என் ஊரின் சொல், அதனால் இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 'ஸ்டார்ம் சர்ஜ்.' புயல் காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கும். கரையோரம் ஆழம் குறைவாக இருந்தால் அந்த நீருக்குப் போக இடம் இல்லாமல் ஊருக்குள் ஏறிவிடும். இது அலை வந்து அடித்துவிட்டுத் திரும்புவது மாதிரி இல்லை, கடல் மட்டமே உயர்ந்து உள்ளே வருவது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது இதுதான், பாம்பனிலிருந்து போன ரயிலை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கொண்டுபோனது. 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸில் ஹையான் டைஃபூன் வந்தபோது, ஸ்டார்ம் சர்ஜ் வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். டக்ளோபான் நகரத்தில் பலருக்கு அந்த ஆங்கிலச் சொல் என்னவென்று தெரியவில்லை, பெரிய காற்று என்று நினைத்து வீட்டிலேயே இருந்தார்கள். சுனாமி மாதிரி கடல் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அந்தப் புயலில் நாடு முழுக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். என் வகுப்பில் கடற்கரைப் பிள்ளைகள் பாதிக்கு மேல். இந்தச் சொல்லை மட்டும் நான் புத்தகத்தைப் பார்த்து நடத்துவதில்லை. 'கடல் உள்ளே வரும், தண்ணீர் வடியக் காத்திருக்காதே, மேட்டுக்குப் போ' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அதற்குக் கீழேதான் ஆங்கிலச் சொல்லை எழுதுவேன்.

ஸ்கார்பரோ மட்டக்களப்பான் எழுதியது:

டீச்சர் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். இலங்கையில் நாங்கள் சைக்ளோனைத்தான் சூறாவளி என்போம். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்தது எங்களுக்கு 'எழுபத்தெட்டுச் சூறாவளி', புயல் என்று யாரும் கதைக்க மாட்டார்கள். அதனால் இந்தத் தங்கச்சி இலங்கை நண்பர்களோடு கதைக்கும்போது டொர்னேடோவைச் சூறாவளி என்றால் அவர்களுக்கு வேறு விளங்கும்.

நான் டொரன்டோவில் 20 வருசம். குளிர்காலச் சொற்களையும் படித்து வையுங்கள், டெக்சஸுக்கும் அது வரும். ஆலங்கட்டி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இங்கே நான்கைந்து. 'ஹெயில்' கோடை இடிமழையோடு விழுவது. 'ஐஸ் பெலட்ஸ்' குளிர்காலத்தில் குறுணல் மாதிரி விழுவது, அமெரிக்காவில் அதை 'ஸ்லீட்' என்பார்கள், இங்கிலாந்தில் ஸ்லீட் என்றால் மழையும் பனியும் கலந்தது, அதனால் யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மோசம் 'ஃப்ரீஸிங் ரெயின்'. பெயரைக் கேட்டால் குளிர்ந்த மழை என்று நினைப்பீர்கள். அது தண்ணீராகத்தான் விழும், கிளையிலும் கம்பியிலும் தரையிலும் பட்ட கணமே கண்ணாடி மாதிரி இறுகும். 2013-ல் கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் இருக்க அது இங்கே பெய்தது. ராத்திரி முழுக்க வெளியே துப்பாக்கிச் சத்தம் மாதிரி கேட்டது, விடியப் பார்த்தால் மரக்கிளைகள் ஐஸ் பாரம் தாங்காமல் முறிந்து கிடந்தன. நகரத்தில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, எங்களுக்குத் திரும்பி வர மூன்று நாள்.

'பிளாக் ஐஸ்' கறுப்பு இல்லை, நிறமே இல்லாதது, கீழே இருக்கும் தார்ரோடு தெரிவதால் அந்தப் பெயர். ஈரமான ரோடு என்று நினைத்து பிரேக் போடுவீர்கள். 'விண்ட் சில்' என்பது காற்றோடு சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிரும் என்ற கணக்கு. இங்கே மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிசத்துக்குள் உறையலாம் என்று எச்சரிப்பார்கள், பிள்ளையின் காதை மூடாமல் வெளியே கொண்டுபோகாதீர்கள்.

பிரிஸ்பேன் தம்பி எழுதியது:

ஆஸ்திரேலியாவுக்கு வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் படிக்க வேண்டும் அக்கா. இங்கே காட்டுத்தீக்கும் வெள்ளத்துக்கும் மூன்று படி: 'அட்வைஸ்', 'வாட்ச் அண்ட் ஆக்ட்', 'எமர்ஜென்சி வார்னிங்'. நடுப்படியில் வாட்ச் என்று இருப்பதைப் பார்த்து அமெரிக்கப் பழக்கத்தில் காத்திருந்தால் போச்சு, அந்த ஆக்ட்தான் முக்கியம், கிளம்புவதென்றால் அப்போதே கிளம்ப வேண்டும். எமர்ஜென்சி வார்னிங் வரும்போது பல நேரம் ரோடு மூடியிருக்கும். தீ அபாய அளவில் கடைசிப் படியின் பெயர் 'கட்டாஸ்ட்ராஃபிக்'. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேர் தீயில் இறந்த பிறகுதான், எக்ஸ்ட்ரீமுக்கு மேலே ஒன்று வேண்டும் என்று அந்தப் படியைச் சேர்த்தார்கள்.

ஆஸ்டின் பக்கம் எழுதியது:

டெக்சஸில் இருப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயம். டொர்னேடோ பயத்தில் வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள்.

ரோட்டில் 'லோ வாட்டர் கிராசிங்' என்று போர்டு பார்ப்பீர்கள். அது நம் தரைப்பாலம்தான். ஊரில் தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்போம், பஸ் மட்டும் மெல்லப் போகும், அதைப் பார்த்துப் பழகியதால் காரை விடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தால் சின்ன காரை மிதக்க வைத்துவிடும், இரண்டு அடி பெரிய வண்டியையும் தள்ளிவிடும். 'டர்ன் அரவுண்ட், டோன்ட் ட்ரவுன்' (திரும்பிப் போ, மூழ்கிச் சாகாதே) என்று எழுதி வைத்திருப்பது சுலோகத்துக்காக இல்லை. 2025 ஜூலை 4 விடிகாலையில் குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது, கேம்ப்புக்கு வந்திருந்த சிறுமிகள் உட்பட நூறு பேருக்கும் மேல் போய்விட்டார்கள். 'ஃப்ளாஷ் ஃப்ளட்' என்பதில் ஃப்ளாஷ் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். அங்கே மேலே எங்கோ மழை பெய்யும், உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்.

2021 பிப்ரவரிக் குளிரில் எனக்குப் புரியாமல் போன சொல் 'ரோலிங் அவுட்டேஜ்'. முறை வைத்து அரை மணி, ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள், ஊர் பவர்கட் மாதிரிதான் என்று தைரியமாக இருந்தோம். எங்களுக்குப் போன மின்சாரம் மூன்று நாள் வரவில்லை. கைக்குழந்தையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு மேலே எல்லாப் போர்வையையும் மூடிக்கொண்டு படுத்திருந்தோம். அந்தச் சொல்லை நம்பி முதல் நாளே நண்பர் வீட்டுக்குப் போகாமல் விட்டது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அப்புறம் 'பாயில் வாட்டர் நோட்டீஸ்' வந்தால் பல் துலக்கவும் பால்பாட்டில் கழுவவும்கூடக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். 'ட்ரிப் யுவர் ஃபாசெட்ஸ்' என்றால் குழாயைச் சொட்டச் சொட்ட விட்டு வைப்பது, தண்ணீரை வீணாக்காதே என்று வளர்ந்த நமக்கு அது மனசு கேட்காது, ஆனால் ஓடும் தண்ணீர் சீக்கிரம் உறையாது, குழாய் வெடிக்காமல் இருக்கும்.

பிளேனோவுக்குப் புதுசு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, அவரும் நானும் உட்கார்ந்து முழுவதும் படித்தோம். டீச்சர் சொன்ன மாதிரியே ஒரு தாளில் சொல்லும் நேரமும் செய்ய வேண்டியதும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். முதல் வரி, 'டொர்னேடோ வார்னிங்: இப்போதே, அடுப்பை அணை, கீழே போ'. அம்மாவிடம் சுழல்காற்று என்றதும் "அப்படியென்றால் கடல் இல்லாத ஊரிலும் வருமா" என்று கேட்டார், வரும் என்றேன், இன்னும் பயந்துவிட்டார். நேற்று அந்தக் கீழ்வீட்டு அம்மாவுக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோனேன். அவர் வீட்டுச் சாவி ஒன்றை என் கையில் கொடுத்து, நான் ஊரில் இல்லாவிட்டாலும் வார்னிங் வந்தால் திறந்து உள்ளே போ என்றார்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதே 'சிவியர் தண்டர்ஸ்டார்ம் வார்னிங், குவார்ட்டர் சைஸ் ஹெயில்' என்று வருகிறது. இதற்கும் கீழே போகணுமா?

நார்மன்வாசி எழுதியது:

கீழே போக வேண்டாம், ஜன்னலை விட்டுத் தள்ளி உள்ளே இரு. மூடிய பார்க்கிங் இருந்தாலும், காரை அங்கே மாற்றி நிறுத்த இப்போது வெளியே போகாதே, கார் போனால் போகட்டும். டிவியைப் போட்டு வை, 'ரொட்டேஷன்' என்று காதில் விழுந்தால் சாவியை எடு.